யாரும் மீட்டாத சுருதி

ஓசூரில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடையில் பழைய டிவிஎஸ் 50-ஐப் பிரித்துப் போட்டிருந்தால், எஞ்சினின் பக்க மூடிக்குள் எட்டிப் பாருங்கள். சுற்றும் காந்தம், அதற்குள் அசையாமல் நிற்கும் செம்புக் கம்பிச் சுருள். ‘மேக்னட் காயில்’ என்பார்கள். காந்தம் சுற்றச் சுற்றச் சுருளில் மின்சாரம் பிறந்து, பிளக்கில் பொறி பறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் இதுதான். 1980 முதல் இந்த ஊர் அதை வண்டி வண்டியாகச் செய்து அனுப்பியது.

ஒசாகாவில் 1981-ல் உருவான ‘லவுட்னஸ்’ குழுவின் கிடார் கலைஞர் அகிரா தகாசாகியின் வாத்தியம் அலறுவதும் இதே தூண்டலால்தான். 1985-ல் வந்த அவர்களது ‘தண்டர் இன் தி ஈஸ்ட்’ ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 74-ஆம் இடம் வரை ஏறியது. ஆசியாவிலிருந்து போன ஒரு மெட்டல் குழுவுக்கு அது பெரிய உயரம்.

எலெக்ட்ரிக் கிடாரில் காந்தமும் அசையாது, சுருளும் அசையாது. கம்பிதான் அசையும். அந்த அசைவு காந்தப்புலத்தைக் கலைத்தால்தான் சுருளில் மின்சாரம் பிறக்கும், அதனால் கம்பி எஃகாக இருந்தே ஆக வேண்டும். நைலான் கம்பி போட்டால், காந்தமும் சுருளும் சேர்ந்த ‘பிக்கப்’ ஊமை. தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியும் கிடைப்பது மிகச் சிறிய மின்னழுத்தமே. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது.

தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால் அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கி கரகரப்பதும் இப்படித்தான். மற்றவர்கள் கோளாறு என்று ஒதுக்கியதை மெட்டல் கலைஞர்கள் நாதமாக்கினார்கள். அவர்கள் அதிகம் வாசிக்கும் ‘பவர் கார்டு’ நமக்குப் புதிதல்ல: ச-வும் ப-வும்தான், தம்பூராவில் கேட்கிறோமே, அதே ஜோடி. நொடிக்கு 110 முறை அதிரும் ஏ கம்பியை ச என்று கொண்டால், ப ஏறத்தாழ 165. இரண்டும் சேர்ந்து வெட்டுப்படும்போது, அவற்றின் வித்தியாசமான 55 புதிதாகப் பிறக்கிறது. அது கீழ் ஸ்தாயி ச. எந்த விரலும் அதை மீட்டவில்லை. அந்தச் சுருதியை எழுப்புவது ஆம்ப்ளிஃபயர். நடுவில் க-வையும் சேர்த்தால் இப்படிப் பிறக்கும் உபரிச் சுருதிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். இரண்டே சுரத்தில் வாசிப்பதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தகாசாகி பேர்பெற்றது ‘டாப்பிங்’கில். வலக்கை விரலாலும் கம்பியைத் தட்டி அழுத்துவார். கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிக்கும். கால்வாசியானால் நான்கு மடங்கு. வெட்டுப்பட்ட அலையில் மெல்லிய தட்டலும் உரக்க ஒலிக்கும், அதனால்தான் அந்த வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் காதில் விழுகிறது.

ஆல்பத்தின் முதல் பாட்டு ‘கிரேஸி நைட்ஸ்’. கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் வேண்டாம், அந்தக் கீழ் ஸ்தாயி அதில் எழாது. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.