அமொக்சிசிலினுக்குப் பின்னால் உள்ள இரசாயனம்: மருந்தைத் தூய்மையாகச் செய்வது ஏன் முக்கியம்?

போர்க்காயத்துடன் வாழ்பவர்களுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தின் பெறுமதியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2009 இன் முதல் மாதங்களில், வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் அந்த மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை அங்கு பணியாற்றிய வைத்தியர்கள் அப்போதே வெளியுலகுக்கு அறிவித்தார்கள். உடலில் எறிகணைச் சிதறலோடு இருப்பவருக்கும், காலை இழந்த இடம் அடிக்கடி புண்ணாகிறவருக்கும் அமொக்சிசிலின் பழகிய பெயர். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை, உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன். செய்யும் முறைக்கும், அந்த மருந்து நாளையும் பலன் தருமா என்பதற்கும் தொடர்பு இருக்கிறது.

பெனிசிலினை நமக்குத் தருவது ஒரு பூஞ்சணம். அதன் மூலக்கூறின் நடுவே நான்கு அணுக்களாலான சிறிய வளையம் ஒன்று உண்டு. பற்றீரியா தன் கலச்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அதுதான். ஆனால் பூஞ்சணம் தரும் பெனிசிலின் ஜி வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால் பெரும்பாலும் ஊசியாகவே ஏற்ற வேண்டும். 1950 களின் இறுதியில் இங்கிலாந்தின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள் பெனிசிலினின் கருப்பகுதியைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் 6-ஏபிஏ. அதில் வேறு பக்கச்சங்கிலிகளைப் பொருத்தியே அம்பிசிலினும் அமொக்சிசிலினும் உருவாகின.

சிக்கல் இதுதான்: பழைய பக்கச்சங்கிலியை வெட்ட வேண்டும், வளையம் உடையக் கூடாது. இரண்டையும் பிடித்திருப்பது ஒரே வகையான ஏமைட்டுப் பிணைப்பு. அதிலும் வளையத்தில் உள்ளதே எளிதில் உடையும். ஆகவே தொழிற்சாலைகள் பொசுபரசு பென்ராகுளோரைட்டு, டைகுளோரோமீதேன் போன்ற நச்சுப் பொருட்களைக் கொண்டு, ஈரம் படாமல், மறை 40 பாகை செல்சியஸ் குளிரில் அதை வெட்டின. மருந்து கிடைத்தது. கூடவே ஏராளமான கழிவும் கிடைத்தது.

இன்று அதே வேலையை ஒரு நொதியம் செய்கிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை வகைப் பற்றீரியாவிலிருந்து பெறப்பட்ட பெனிசிலின் அசைலேசு என்ற அந்த நொதியம், வளையத்தைத் தொடாமல் பக்கச்சங்கிலியை மட்டும் வெட்டும். கரைப்பான் வெறும் நீர். வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை, நம் உடம்பின் சூடு. நொதியத்தைச் சிறு மணிகளில் பதித்துவிட்டால் வடித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இதைத்தான் பசுமை இரசாயனம் என்கிறார்கள். 1998 இல் போல் அனஸ்தாசும் ஜோன் வோனரும் வகுத்த அதன் 12 கோட்பாடுகளில் முதலாவது, கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாக்காமல் இருப்பதே மேல் என்பது. 1992 இல் ரொஜர் ஷெல்டன் போட்ட கணக்கின்படி, மருந்துத் துறையில் ஒரு கிலோ பொருளுக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேல் கழிவு வந்தது.

அந்தக் கழிவு எங்கே போகிறது என்பதில்தான் ஆபத்து. 2007 இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சுவீடன் ஆய்வாளர்கள், ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தில் மாதிரி எடுத்தார்கள். சுத்திகரித்த பின்னும் ஒரு லீற்றரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளொக்சசின் இருந்தது. மருந்தை உட்கொண்டவரின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். இப்படிப்பட்ட நீரில் மருந்துக்குச் சாகாத பற்றீரியாக்களே பெருகும். 2019 இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகள் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேரின் உயிரைப் பறித்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

நொதியம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. மருந்து எச்சம் ஆற்றில் கலக்காமல் தடுக்கும் சட்டமும் கண்காணிப்பும் வேண்டும். இலங்கை தன் மருந்துகளில் பெரும்பகுதியை, குறிப்பாக இந்தியாவிலிருந்து, இறக்குமதி செய்கிறது. விலையையும் தரத்தையும் பார்க்கும் அரசு, தொழிற்சாலை தன் கழிவை என்ன செய்கிறது என்றும் கேட்கலாம். பழைய காயம் மீண்டும் சீழ் பிடிக்கும்போது மருந்து பலிக்க வேண்டும் என்றால், அந்தக் கேள்வி நமக்கும் உரியதுதான்.