வட்டியா, உரிமையா?

பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுத் தரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலையில், தனக்கு வங்கியிலிருந்து வந்த ஆங்கில அறிவிப்பையும், கைப்பேசிச் செயலியின் மூலம் அவருடைய மகன் எடுத்துத் தந்த தமிழாக்கத்தையும் கொண்டுவந்து காட்டினார். சொந்த ஊரில் உள்ள சிறு வீட்டின் பேரில் அவர் கடன் வாங்கியிருந்தார்.

"ஏதோ பாதுகாப்பு வட்டின்னு போட்டிருக்காங்க சார். வட்டிதானே, ஆவணி பிறந்ததும் கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார்.

ஆங்கில மூலத்தில் இருந்தது 'செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்'. கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட சொத்தின் மீது கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமை என்பது அதன் பொருள். 'சர்ஃபேசி' எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிவிப்புத் தேதியிலிருந்து 60 நாள்களுக்குள் கடனைத் தீர்க்காவிட்டால், வழக்குத் தொடுக்காமலேயே வங்கி அந்தச் சொத்தைக் கைப்பற்றலாம். நண்பரின் கணக்கில் 19 நாள்கள் ஏற்கெனவே கழிந்திருந்தன. வட்டி என்று அவர் நினைத்தது அவருடைய வீடு!

பழியைச் செயலியின் மீது மட்டும் போடுவதற்கில்லை. 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல் 'இடையே இருத்தல்', 'பொருட்படுத்தத்தக்கதாக இருத்தல்' என்னும் பொருள்களைத் தரும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அதிலிருந்தே வட்டி, ஆர்வம், நலன், சொத்துரிமை எனப் பல பொருள்கள் கிளைத்தன. ஸ்பானிய மொழிக்கும் லத்தீனே தாய் என்பதால், அதன் 'இன்டெரெஸ்' என்ற ஒரே சொல் கடன் வட்டியையும் குறிக்கும், ஆர்வத்தையும் குறிக்கும். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் உண்டு. ஆகவே, தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இந்தச் சிக்கலை வகுப்பறையில் நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். ஆடம் ஸ்மித்தைப் பாடம் நடத்தும்போது அந்தச் சொல் 'தன்னலம்'. அடுத்த வாரமே 1936-இல் வெளிவந்த கெயின்ஸின் நூலுக்கு வந்தால் அதுவே 'வட்டி'. ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பாடமே தலைகீழாகிவிடும்.

தமிழில் சொல்வளம் இல்லையோ என்ற ஐயம் தேவையற்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பலிசை' என்று பெயர். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5% என்று விகிதமும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. நகையைக் கொடுத்துப் பணம் பெற்றால் அடகு. வீட்டை எழுதிக் கொடுத்தால் அடமானம். வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனைக் கடன் கொடுத்தவர் அனுபவித்தால் ஒற்றி. பிறர் கடனுக்குத் தாம் பொறுப்பேற்றால் பிணை. எழுத்தறியாதவர்கூட இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. பொருளறிந்து மொழிபெயர்த்த முன்னோடிகளும் நமக்கு உண்டு. 'பொதுநல வழக்கு' என்ற அழகிய தமிழாக்கத்தில் இருக்கும் 'நலன்', ஆங்கிலத்தில் இதே 'இன்ட்ரஸ்ட்' தான்.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தந்து, விளக்கியும் சொல்ல வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. வரவேற்கத்தக்க ஆணை இது. ஆனால், தமிழ் எழுத்தில் இருப்பதாலேயே ஒன்று தமிழருக்குப் புரிந்துவிடாது. கடன் கொடுக்கும்போது காட்டும் இந்த அக்கறை, வீட்டைக் கைப்பற்றுவதற்கு முன் அனுப்பும் அறிவிப்பிலும் வேண்டும்.

நிதித்துறைக்கான தமிழ்ச் சொல்லகராதி, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்ற பட்டியலாக இருந்தால் போதாது. எந்தச் சூழலில் எந்தச் சொல் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் அது சொல்ல வேண்டும். இயந்திரம் மொழிபெயர்க்கட்டும், ஆனால், சொத்தும் கையொப்பமும் சம்பந்தப்பட்ட தாள்களைச் சட்டமும் தமிழும் அறிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகே மக்களுக்குத் தர வேண்டும்.

அறிவிப்புக்கு ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அன்றிரவே கடிதம் எழுதினோம். மனைவியின் நகைகளை அடகு வைத்து, நிலுவைத் தவணைகள் அனைத்தையும் நண்பர் கட்டினார். வீடு தப்பியது.

ஆவணி வரை அவர் காத்திருந்தால், கெடு முடிந்திருக்கும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).