பூனைக்காலிச் சுணையும் உயிரணுவின் ஏற்பியும்

பூனைக்காலிக் காயின் சுணை சரீரத்தில் பட்டவுடன் உண்டாகும் தாளாத அரிப்புக்கு, அதிலுள்ள மியூகுனைன் என்னும் நொதி நம் தோலிலுள்ள ‘பார்’ என்ற ஏற்பிகளை வெட்டிவிடுவதே முக்கிய காரணம். மற்ற ஏற்பிகள் ஹார்மோன் போன்ற வஸ்து ஏதேனும் வந்து பொருந்தும்வரை காத்திருக்க, இந்த வர்க்கமோ, நொதியால் தன் நுனி வெட்டியெறியப்பட்ட மாத்திரத்தில் மறைந்திருந்த பகுதி வெளிப்பட்டு, அது தன்மீதே மடிந்து பொருந்தி, உயிரணுவுக்குள் அபாயச் செய்தியை அனுப்புகிற விசித்திரம், 1991-ல், ரத்தத்தை உறையச் செய்யும் திராம்பின் என்னும் நொதியை ஆராய்ந்த கலிபோர்னிய விஞ்ஞானிகளால் வெளியாயிற்று. வெட்டுண்டது மீண்டும் ஒட்டாதாகையால், உயிரணு அந்த ஏற்பியை உள்ளிழுத்து அழித்துவிடுகிறது. ஊதாரித்தனம்தான், என்ன செய்வது! வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் நொதிகளும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்த பார்-2 என்னும் ஏற்பியைச் சீண்டி, சுவாசக் குழாயில் வெள்ளணுக்களை வரவழைத்து, ஆஸ்துமாவின் அழற்சிக்குத் துணைபோகின்றன. நம் உடலின் எதிர்ப்பணுக்களான மாஸ்ட் செல்கள் சுரக்கும் டிரிப்டேஸ் என்னும் நொதியோ, நரம்பு முனைகளிலுள்ள அதே ஏற்பியை வெட்ட, அம்முனைகள் ரத்தநாளங்களைக் கசியச் செய்யும் வஸ்துக்களைக் கக்குவதால், அவ்விடம் சிவந்து வீங்குகிறது.