மண்ணால் ஒரு கரை, மண்ணால் ஒரு தீவு!

குட்டீஸ்! மழை பெய்து ஓய்ந்ததும், தெருவில் ஓடும் தண்ணீரை மண் குவித்து மறித்து விளையாடியிருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே வழியும். உடனே கரை அறுந்து, உங்கள் 'அணை' காணாமல் போய்விடும். அப்படியானால், மண்ணால் கட்டிய ஏரிக் கரைகள் மட்டும் எப்படி உடையாமல் நிற்கின்றன?

சேலத்துக்குப் போய்ப் பார்ப்போம், வாருங்கள்! ஏற்காடு, வெள்ளக்கடை போன்ற ஊர்கள் இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை, ஓடைகளாக நாலாபுறமும் இறங்குகிறது. தெற்கே அடிவாரத்தில் இறங்கும் நீர் சேருமிடங்களில் ஒன்று, கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி. இதன் பரப்பு சுமார் 58 ஏக்கர்.

ஏரிக் கரை போடக் களிமண் கலந்த மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, ஈரமாக்கி, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்குவார்கள். களிமண் தண்ணீரை எளிதில் கசிய விடாது. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதிகம். அதனால்தான் கரையின் அடி அகலமாகவும், மேலே குறுகலாகவும் இருக்கும். அலை அரிக்காமலிருக்க உட்பக்கம் கல் பதிப்பார்கள்.

வயலுக்கு நீர் விட மதகு உண்டு. ஏரி நிரம்பியதும் மிச்ச நீர் வெளியேறக் கலங்கல் உண்டு. கலங்கல் அடைபட்டால், தண்ணீர் கரைமேல் வழியும். அப்புறம் உங்கள் தெரு அணையின் கதிதான்!

கரை பலமாக இருந்தால் மட்டும் போதாது. வெள்ளத்தோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் படிந்தால் ஏரியின் ஆழம் குறைந்துகொண்டே போகும். மூக்கனேரியும் அப்படித்தான் மேடாகிப் போனது. 2010-ம் ஆண்டு, சேலம் மக்கள் குழு என்ற அமைப்பினர் அதைச் சீரமைக்க இறங்கினர்.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது? ஏரிக்குள்ளேயே கொட்டினார்கள்! என்ன, சிரிப்பு வருகிறதா? பரவலாகக் கொட்டவில்லை, குட்டிக் குட்டித் தீவுகளாகக் குவித்து, மரக்கன்றுகளை நட்டார்கள். ஒரு பக்கம் ஆழம் கிடைத்தது. இன்னொரு பக்கம் பறவைகளுக்கு வீடு கிடைத்தது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் அங்கே எளிதில் போக முடியாதே!

ஏரியில் ஒன்றை நம்பியே இன்னொன்று வாழ்கிறது. பறவைகளின் எச்சம் நீரில் உரமாகிறது. அதில் பாசியும் நுண்ணுயிர்களும் வளர்கின்றன. அவற்றை மீன் குஞ்சுகள் தின்கின்றன. கொசுப் புழுக்களையும் விடுவதில்லை. மீனைத் தேடிக் கொக்கும் நீர்க்காகமும் வருகின்றன.

ஆனால், உரம் அளவு மீறினால் ஆபத்து! சாக்கடை கலந்தால் பாசி மண்டிவிடும். அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். மீன் இல்லாத ஏரிக்குக் கொக்கு ஏன் வரப்போகிறது?

இந்த விடுமுறையில் பெரியவர்களோடு உங்கள் ஊர் ஏரிக் கரைக்குப் போய் வாருங்கள். மதகு எங்கே, கலங்கல் எங்கே, அது அடைபட்டிருக்கிறதா, எத்தனை வகைப் பறவைகள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பைகூட ஏரியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரிதானே, குட்டீஸ்?