கொள்ளுப்பாட்டி எப்படி இரண்டு பேர் ஆனார்?

எங்கள் குடும்ப வம்சாவளியைக் கணினியில் ஏற்றலாம் என்று பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுத ஆரம்பித்தேன். ஆளுக்கு ஒரு ஆப்ஜெக்ட். அதற்குள் பெயர், பிறந்த வருடம், பெற்றோர் பட்டியல், பிள்ளைகள் பட்டியல். ஃபைலில் சேமிக்கப் போகும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஜேசானாக எழுதச் சொன்னேன். சர்க்குலர் ரெஃபரன்ஸ் இருக்கிறது என்று எரர் காட்டி நின்றுவிட்டது. காரணம் எளிது. ஒரு ஆப்ஜெக்டை எழுதும்போது அதற்குள் இருப்பவற்றையும் உள்ளே போய் எழுத வேண்டும். அப்பாவை எழுத அவர் பிள்ளையான என்னை எழுதணும். என்னை எழுத அப்பாவை எழுதணும். மறுபடி நான், மறுபடி அப்பா... இதுக்கு முடிவு ஏது?

சரி, பெற்றோர் தெரிந்தால் பிள்ளைகளைக் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் பட்டியலைச் சேமிக்காமல் விட்டேன். வட்டம் போச்சு, எரரும் போச்சு. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்துக் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வருடத்தைத் திருத்தினேன். அப்பா வழியில் போய்ப் பார்த்தால் புது வருடம். அம்மா வழியில் போய்ப் பார்த்தால் பழைய வருடம்! எங்கள் அப்பா கட்டியது மாமா பொண்ணை. அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். ஆக, எந்த வழியில் மேலே போனாலும் வருவது ஒரே கொள்ளுப்பாட்டி. ஜேசான் அவரை இரண்டு இடத்தில் முழுசாக எழுதியிருந்தது. ஃபைலைத் திறந்தபோது இரண்டு பேர் ஆகிவிட்டார்.

இரண்டு சிக்கலுக்கும் மூலம் ஒன்றுதான். சாதாரண ஜேசானில் ஒருவரைப் பற்றிய விவரம் இருக்கும். ‘முன்னாடி சொன்ன அதே ஆள்’ என்று சொல்ல வழி கிடையாது. வட்டம் இருந்தால் எரர் வந்து காட்டிக்கொடுத்துவிடும். வட்டம் இல்லாமல் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வந்தால் சத்தமே இல்லாமல் பிரதி எடுத்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பயமாக இருக்கிறது.

தீர்வு, ஆளுக்கு ஒரு எண். ஒருவரை முதல் தடவை பார்க்கும்போது எண் கொடுத்து முழு விவரத்தையும் எழுது. அடுத்த தடவை எண்ணை மட்டும் எழுது. எங்கள் ஃபைல் இப்போது இப்படி:

1: கொள்ளுப்பாட்டி, பிள்ளைகள் 2, 3
2: அப்பாவின் அம்மா, பெற்றோர் 1, பிள்ளைகள் 4
3: அம்மாவின் அப்பா, பெற்றோர் 1, பிள்ளைகள் 5
4: அப்பா, பெற்றோர் 2, பிள்ளைகள் 6
5: அம்மா, பெற்றோர் 3, பிள்ளைகள் 6
6: நான், பெற்றோர் 4, 5

பைத்தானின் பிக்கிள் உள்ளுக்குள் செய்வது இதையேதான். அந்த எண் பட்டியலுக்கு மெமோ என்று பெயர். ஜாவாவில் ஹேண்டில் என்பார்கள். வம்சாவளி ஆய்வாளர்கள் 1980களிலிருந்து பயன்படுத்தும் கெட்காம் ஃபைலிலும் ஆளுக்கு ஒரு அடையாள எண்தான்.

திரும்ப எடுப்பதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அப்பாவை உருவாக்க நான் வேண்டும், என்னை உருவாக்க அப்பா வேண்டும். அதனால் முதல் சுற்றில் ஆறு வெற்று ஆப்ஜெக்ட்களை உருவாக்கி எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது சுற்றில் பெயர், வருடம், உறவுகளை நிரப்ப வேண்டும்.

இந்த ‘வெற்று’ நேரத்தில் கவனம் தேவை. ஒரே பிள்ளையை இரண்டு தடவை சேர்த்துவிடக் கூடாதே என்று பிள்ளைகளை லிஸ்ட்டுக்குப் பதில் செட்டில் வைத்து, பெயரிலிருந்து ஹாஷ் கணக்கிட்டிருந்தேன். அப்பா, நான் என்று இரண்டு பேரை மட்டும் வைத்து பிக்கிளில் சோதித்தேன். அப்பாவிலிருந்து தொடங்கிச் சேமித்தால் சரியாகத் திறந்தது. என்னிலிருந்து தொடங்கினால் சேமிக்கும்போது ஒன்றும் சொல்லாது, திறக்கும்போது பெயரே இல்லை என்று எரர்! நடந்தது இதுதான்: முதலில் வெற்றாக ‘நான்’ உருவாகிறேன். என்னை நிரப்ப அப்பா வேண்டும். அப்பாவை நிரப்ப அவருடைய செட்டில் என்னைச் சேர்க்க வேண்டும். சேர்க்க ஹாஷ் வேண்டும், ஹாஷுக்குப் பெயர் வேண்டும். எனக்கோ இன்னும் பெயர் வரவில்லை. செட்டை லிஸ்ட்டாக மாற்றியதும் சரியானது.

கடைசியில் பிக்கிளை விட்டுவிட்டு, எண் போட்ட ஜேசானையே வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்களிடம் ஃபைலை வாங்கிக் கொடுக்கப் போகிறேன். யாரோ அனுப்பிய பிக்கிள் ஃபைலைத் திறந்தால் அதற்குள் ஒளித்துவைத்த நிரல் ஓடிவிடலாம். ஜேசானை வெறுமனே படிப்பதில் அந்த வம்பு இல்லை.

நீங்களும் இப்படி ஏதாவது சேமிப்பவராக இருந்தால், எரர் வரவில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஃபைலைத் திறந்தபின் இரண்டு வழியிலும் போய், வந்து சேர்வது ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று ஒரு சோதனை எழுதி வையுங்கள். பைத்தானில் அது ஒரே ஒரு வரி.