கேள்வித்தாளில் பின்னமும் அடுக்கும் மாறாமல் இருக்க



நீங்கள் தட்டச்சு செய்த 2³, அடுத்தவர் கணினியில் 23 என்று தெரிந்தால் என்ன ஆகும்? 3 1/2 என்பதில் ஓர் இடைவெளி விடுபட்டு 31/2 ஆனாலும் இதே கதைதான். எழுத்துப்பிழை என்றால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண் மாறினால் ஊகிக்க வழியில்லை. மாணவர் சரியாகத்தான் கணக்குப் போடுவார், ஆனால் புள்ளி போய்விடும்.

ஏன் இப்படி? எண்ணைச் சிறிதாக்கி மேலே தூக்கி வைப்பது வெறும் ஒப்பனை. அதை நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் ஒப்பனை உதிர்ந்துவிடும். படமாக ஒட்டினால் உதிராது, ஆனால் பிறகு திருத்த முடியாது. ஆகவே சமன்பாட்டுக் கருவியையே பயன்படுத்துங்க.

வேர்டு
விண்டோஸில் ஆல்ட் விசையோடு = விசையை அழுத்துங்கள். மேக்கில் கன்ட்ரோல் விசையோடு = விசை. உடனே சமன்பாட்டுப் பெட்டி வரும். அதில் 1/2 என்று தட்டி இடைவெளி விசையை அழுத்தினால் மேலும் கீழுமாகப் பின்னம் அமையும். 2^3 தட்டி இடைவெளி விட்டால் அடுக்கு வந்துவிடும். கலப்புப் பின்னமா? முதலில் பின்னத்தை அமைத்துவிட்டு, அதன் முன்னால் முழு எண்ணைத் தட்டுங்கள்.

கூகுள் டாக்ஸ்
'இன்சர்ட்' பட்டியலில் 'ஈக்குவேஷன்' இருக்கிறது. டெலிமா கணக்கு உள்ளவர்கள் எந்தக் கணினியின் உலாவியிலும் இதைத் திறக்கலாம்.

லிப்ரே ஆபிஸ்
விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும். 'இன்சர்ட்' பட்டியலில் 'ஃபார்முலா' என்பதைத் தேடுங்கள். பக்கப் பலகையில் பின்னத்தைச் சொடுக்கினால் கட்டளை தானாக எழுதப்படும். கேள்விக்குறி உள்ள இடத்தில் எண்ணை இட்டால் போதும்.

பேஜஸ்
ஆப்பிளின் இந்தச் செயலியிலும் 'இன்சர்ட்', 'ஈக்குவேஷன்' என்றே செல்ல வேண்டும். ஆனால் லேட்டெக்ஸ் அல்லது மேத்எம்எல் கட்டளை தெரிந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. தமிழ்ச் சொற்களைப் பெட்டிக்கு வெளியே எழுதுங்கள். வேர்டின் சமன்பாடுகள் கேம்பிரியா மேத் எழுத்துருவில் அமைகின்றன. அது கணிதக் குறியீடுகளுக்கானது, தமிழுக்கானது அல்ல. 'பரப்பளவு' வெளியே, எண்கள் உள்ளே.

2. கோப்பை 'டாக்எக்ஸ்' வடிவில் சேமியுங்கள். பழைய வேர்டு 97-2003 வடிவில் சேமித்தால் சமன்பாடு படமாகிவிடும்.

3. பழைய கேள்வி வங்கியில் உள்ள சமன்பாடு திருத்த வரவில்லையா? 'ஈக்குவேஷன் எடிட்டர் 3.0' கருவியைப் பாதுகாப்புக் காரணத்தால் மைக்ரோசாப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அப்படிப்பட்ட கணக்குகளைப் புதிய கருவியில் மறுபடியும் தட்டிவிடுவது நல்லது.

4. ஒரு செயலியில் செய்ததை இன்னொன்றில் திறந்தால், சமன்பாடுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

5. சக ஆசிரியருக்கு இரண்டு கோப்புகள் அனுப்புங்கள்: திருத்துவதற்கு மூலக் கோப்பு, அச்சிடுவதற்கு பிடிஎஃப். பிடிஎஃப் எந்தக் கணினியிலும் வடிவம் மாறாது.

மாணவர்களே, இணையத்தில் பதிவிறக்கிய பயிற்சித் தாளில் விடை ஒத்துவரவில்லை என்றால், உங்கள் கணக்கை அடித்துவிடும் முன் கேள்வியில் அடுக்கோ பின்னமோ சிதைந்திருக்கிறதா என்று பாருங்க.

ஆசிரியர்களே, அச்சுக்குக் கொடுக்கும் முன் பிடிஎஃப் கோப்பைக் கைப்பேசியில் திறந்து, அதைப் பார்த்தே ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுதுங்கள். விடைப்பட்டியலோடு ஒத்துவந்தால் தாள் தயார்.