ஓர் இரவுச் சரக்கு, பன்னிரண்டு ஆண்டுக் கடன்

கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் முதலில் துணி வியாபாரி. கண்ணூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர், பிறகு கைத்தறித் துணியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தவர். 1950-களின் கடைசியில் அவர் வழியாக அங்கே போன மெட்ராஸ் துணி, துவைத்ததும் சாயம் போயிற்று. வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அந்தக் குறையையே பெருமையாக்கி, ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். துணி வியாபாரத்தில் இதற்கெல்லாம் நேரம் உண்டு. ஆடியில் தேங்கியது தீபாவளிக்குப் போகும். விலையைக் குறைத்தால் பொங்கலுக்காவது போகும்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு நாயர் ஓட்டல் தொழிலுக்கு வந்தார். மும்பை சஹார் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டிய முதல் ஓட்டலுக்கு மனைவி லீலாவின் பெயரை வைத்தார். பின்னாளில் பெங்களூரு, கோவா, கோவளம், உதய்ப்பூர், தில்லி, சென்னை என்று பரவிய லீலா ஓட்டல்களின் தொடக்கம் அதுதான். ஆனால் இந்தத் தொழிலின் சரக்கு வேறு மாதிரி. ஓட்டல்காரர் விற்பது ஓர் அறையின் ஓர் இரவை. விடிந்தால் அது தீர்ந்தது. நேற்றைய இரவை இன்று பாதி விலைக்குக்கூட யாருக்கும் தள்ள முடியாது. இப்படி ஒரு நாள் ஆயுசுள்ள சரக்கை விற்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஓடும் கடனை அடைக்க வேண்டும். ஓட்டல் நிதியின் அத்தனை விசித்திரமும் இந்த இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாததில் இருக்கிறது.

கற்பனையாக ஒரு நடுத்தர ஓட்டலை எடுத்துக்கொள்வோம். நூறு அறைகள், இரவுக்கு 5,000 ரூபாய். ஆண்டுச் சராசரியாக நூற்றில் எழுபது அறைகள் நிரம்புகின்றன. வருமானம் 12.78 கோடி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு, அதாவது சம்பளம், மின்சாரத்தின் பெரும்பகுதி, லிஃப்ட், ஜெனரேட்டர், சொத்து வரி, காவல் எல்லாம் சேர்த்து 7 கோடி என்று வையுங்கள். ஒருவர் தங்கினால் மட்டும் ஆகும் செலவு (விரிப்புச் சலவை, சோப்பு, காலை உணவு) இரவுக்கு 1,000 ரூபாய். எல்லாம் போக 3.22 கோடி நிற்கும். உரிமையாளர் வங்கியில் 18 கோடி கடன் வாங்கியிருக்கிறார்; 10 சதவீத வட்டி, 12 ஆண்டுத் தவணை. அசலும் வட்டியுமாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2.64 கோடி கட்ட வேண்டும். கட்டிவிட்டு 58 லட்சம் கையில் மிஞ்சும். தேவலையே என்று தோன்றும்.

இப்போது எழுபது அறை அறுபதாகட்டும். ஏழு விருந்தினரில் ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான். லாபியில் நிற்பவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் செலவு போக நிற்பது 1.76 கோடியாகச் சுருங்கிவிடும், கிட்டத்தட்டப் பாதி. தவணைக்கு 88 லட்சம் துண்டு விழுகிறது.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால்தான் வேடிக்கை. நடத்தும் செலவை ஈடுகட்ட இந்த ஓட்டலுக்கு 48 அறை நிரம்பினால் போதும். தவணையும் கட்ட 66 அறை வேண்டும். ஆக, 48-க்கும் 66-க்கும் நடுவே ஒரு பிரதேசம் இருக்கிறது. அங்கே ஓட்டல் நன்றாக ஓடுகிறது, மேலாளர் லாபம் காட்டுகிறார், சமையல்காரருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போகிறது. முதலாளி மட்டும் மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

வட்டியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் தேதியைப் பற்றிக் கவலைப்படச் சொல்வேன். அதே 18 கோடியை, அதே 10 சதவீதத்துக்கு, 20 ஆண்டுத் தவணையாக வாங்கியிருந்தால் 62 அறையே கிட்டத்தட்டப் போதும். முதல் இரண்டு ஆண்டுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று எழுதி வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 1.8 கோடிதான். அறுபது அறை நிரம்பும் மோசமான ஆண்டிலும் துண்டு விழுவது வெறும் 4 லட்சம். கடனின் அளவு மாறவில்லை, வட்டி விகிதம் மாறவில்லை. எப்போது கட்டவேண்டும் என்பது மட்டும் மாறியது.

லீலாவுக்கு வருவோம். ஓட்டல் கட்டுபவர்களிடையே ஒரு பழைய மனக்கணக்கு உண்டு: ஓர் அறை கட்ட ஆன செலவில் ஆயிரத்தில் ஒரு பங்காவது தினசரி வாடகையாகக் கிடைக்க வேண்டும். தில்லி சாணக்கியபுரியில் சுமார் 3 ஏக்கர் நிலத்துக்கு மட்டும் 2007-ல் லீலா 600 கோடிக்கு மேல் கொடுத்தது. 260 அறைகளோடு ஓட்டல் எழும்பி முடிந்தபோது மொத்தச் செலவு ஏறத்தாழ 1,700 கோடி. ஓர் அறைக்கு ஆறரைக் கோடி. மனக்கணக்குப்படி இரவுக்குச் சராசரி 65,000 ரூபாய் வந்தாக வேண்டும். அன்றைய தில்லியில் எந்த ஓட்டலின் சராசரியும் அதன் பக்கத்தில்கூட இல்லை. நடுவே 2008-ன் உலக நெருக்கடி, அதே ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல். தலைநகரத்தில் எல்லோரும் குறிவைத்துக் கட்டியது 2010 அக்டோபர் காமன்வெல்த் விளையாட்டுக்கு. தில்லி லீலா திறந்தது 2011-ல். சென்னையில் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி எம்.ஆர்.சி. நகரில் 326 அறைகளுடன் இன்னொன்று 2013-ல் திறந்தது.

ஓட்டல் முதலாளிக்கு ஆபத்தான நாள் திறப்பு விழா நாள் என்பது கணக்காளர்களுக்குத் தெரியும். கட்டுமானம் நடக்கும்வரை கடனுக்கான வட்டியைக் கட்டடத்தின் செலவோடு சேர்த்து எழுதலாம்; அது நஷ்டமாகத் தெரியாது. ரிப்பன் வெட்டிய மறுநாள் முதல் அந்த வட்டி லாப நட்டக் கணக்கில் வந்து விழும், தேய்மானமும் கூட வரும், அசல் தவணையும் தொடங்கும். ஆனால் புது ஓட்டல் ஊருக்குப் பழகி, நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் வந்து, அறைகள் வழக்கமாக நிரம்ப இரண்டு மூன்று ஆண்டு ஆகும். லீலாவுக்கு இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு மாபெரும் திறப்பு விழா.

ஓட்டல்கள் நடத்துவதில் லாபம் இருந்தது. வட்டிக்கு அது போதவில்லை. 2012-ல் வங்கிகள் கூடிக் கடனை மறுசீரமைத்தன. அது பலிக்கவில்லை. 2014 மே மாதம் நாயர் தன் 92-ஆம் வயதில் மறைந்தார். அடுத்த மாதமே வங்கிகள் தங்கள் கடனை ஜே.எம். ஃபைனான்ஷியலின் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கின. கோவளம் ஓட்டல் 2011-லேயே 500 கோடிக்குக் கைமாறியிருந்தது. கோவா ஓட்டல் 2015-ல் 725 கோடிக்குப் போயிற்று.

‘சொத்துதான் மலைபோல இருக்கிறதே, ஒன்றை விற்று அடைத்தால் என்ன’ என்று கேட்கத் தோன்றும். நகையை விற்பதுபோல் ஓட்டலை விற்க முடியாது. பன்னிரண்டு அறையை மட்டும் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. வாங்க வருபவர்கள் ஒரு கை விரல்களில் அடங்குவார்கள். விற்பவருக்கு அவசரம் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கனடாவின் புரூக்ஃபீல்டு நிறுவனம் பெங்களூரு, சென்னை, தில்லி, உதய்ப்பூர் ஆகிய நான்கு லீலா ஓட்டல்களையும் ஆக்ராவில் ஒரு மனையையும் 3,950 கோடிக்கு வாங்குவதாக 2019 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. சிறுபான்மைப் பங்குதாரரான ஐ.டி.சி. எதிர்த்தது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பங்குதாரர் வாக்கெடுப்பை நிறுத்திவைத்தது, விவகாரம் தீர்ந்து பரிமாற்றம் முடிந்தது அக்டோபரில். விலை பேசி முடித்த பிறகும் ஏழு மாதம். வங்கித் தவணை ஏழு நாள்கூடக் காத்திருக்காது.

லீலா தில்லி நிலத்தை வாங்கிய அதே 2007-ல் உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் இதைவிடப் பலமடங்கு பெரிய கடன் வாங்கி ஓட்டல் வாங்கினார். பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் ஹில்டன் குழுமத்தை ஏறத்தாழ 2,600 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் சுமார் 2,050 கோடி டாலர் கடன். ஒப்பந்தம் முடிந்த மறு ஆண்டே லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி சரிந்தது. ஹில்டனுக்குக் கடன் கொடுத்தவர்களில் லேமனும் ஒருவர், இன்னொரு முதலீட்டு வங்கியான பேர் ஸ்டேர்ன்ஸும் ஒருவர். பேர் ஸ்டேர்ன்ஸ் கையிலிருந்த ஹில்டன் கடன் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் மடிக்கே வந்து சேர்ந்தது. பயணம் நின்றது, அறைகள் காலியாயின. பிளாக்ஸ்டோன் தன் முதலீட்டின் மதிப்பை ஏட்டில் 70 சதவீதம் குறைத்து எழுதிக்கொண்டது.

ஆனால் ஹில்டன் விழவில்லை. காரணம் யாருடைய சாமர்த்தியத்தையும்விடக் கடன் பத்திரத்தில் எழுதியிருந்த வாசகங்கள். வருமானம் இவ்வளவுக்குக் கீழே போனால் கடனைத் திருப்பிக் கேட்போம் என்ற வகை நிபந்தனைகள் அதில் பெரிதாக இல்லை. அசல் முதிர்வுத் தேதியும் 2013 வரை தள்ளியிருந்தது. அதுவரை வட்டியைக் கட்டினால் போதும். 2007-ன் கடன் சந்தை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது. 2010-ல் பிளாக்ஸ்டோன் இன்னும் சுமார் 80 கோடி டாலர் போட்டு, பயந்துபோயிருந்த கடன் கொடுத்தவர்களிடமிருந்து ஹில்டனின் கடனையே பாதிக்கும் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கியது; மீதிக்கு 2015 வரை தவணை நீட்டிப்பு வாங்கியது. 2013 டிசம்பரில் ஹில்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 2018-ல் பிளாக்ஸ்டோன் முழுதாக வெளியேறியபோது கிடைத்த லாபம் சுமார் 1,400 கோடி டாலர்.

கடனை மலிவாக வாங்கும் இந்த வித்தையை அந்தக் குழுமத்தின் மூதாதையரே ஒருமுறை காட்டியிருக்கிறார். கான்ராட் ஹில்டன் 1919-ல் டெக்ஸாஸின் சிஸ்கோ ஊரில் 40,000 டாலருக்கு முதல் ஓட்டலை வாங்கியவர். 1930-களின் பெருமந்தத்தில் கையிலிருந்த ஓட்டல்களைக் கடனுக்குப் பறிகொடுத்து, பிறகு மீண்டவர். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா நொடித்துக் கிடந்த 1942-ல் அதன் கடன் பத்திரங்களை டாலருக்கு நாலரை சென்ட் விலையில் வாங்கிப் போட்டார். 1949-ல் ஓட்டலே அவர் கைக்கு வந்தது. வீழ்ந்தவருக்கு எமனாக வரும் அதே கடன் பத்திரம், கையில் ரொக்கம் உள்ளவருக்குப் பின்வாசல் சாவி.

இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் பெரிய ஓட்டல் பெயர்கள் கட்டடத்தையே உதறின. 1990-களின் தொடக்கத்து நில விலைச் சரிவில் மாட்டிய மேரியட், 1993-ல் தன்னை இரண்டாகப் பிளந்துகொண்டது. ஓட்டல் நடத்தும் தொழில் ஒரு நிறுவனத்துக்கு. கட்டடங்களும் கடனின் பெரும்பகுதியும் ஹோஸ்ட் மேரியட் என்ற இன்னொன்றுக்கு. கடன் பத்திரக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், வேறென்ன செய்வார்கள். இன்று வாசலில் உலகப் பெயர் மின்னும் ஓட்டலில் பெரும்பாலும் கட்டடமும் கடனும் உள்ளூர்க்காரர் ஒருவருடையவை. பெயர்க்காரர் தன் பங்கை மொத்த விற்றுமுதலில் இவ்வளவு சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார். லாபமா நஷ்டமா என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. பிறகு சம்பளம், மின்சாரம், வரி. அப்புறம் வங்கி. வரிசையின் கடைசியில் முதலாளி நிற்கிறார். பல இடங்களில் சொந்த வீட்டையும் ஜாமீன் வைத்துவிட்டு.

சின்ன ஓட்டல்காரர்கள் பலர் நம்பியிருக்கும் ரொக்கம் இன்னொன்று: முன்பணம். கல்யாண மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே வரும் தொகை கையில் புரள்கிறது, அதிலிருந்து தவணை போகிறது. அது வருமானமே இல்லை, விருந்தினர் கொடுத்த கைமாற்று. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது அறை வாடகை நின்றது மட்டுமில்லை, முகூர்த்தங்கள் ரத்தாகி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். இரண்டு நாள் கழித்து ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணை விடுப்பு அறிவித்தது; பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. வட்டி மட்டும் அந்த மாதங்களிலும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கடை விரித்தவர் வங்கிக்குப் போகும்போது வட்டியில் கால் சதவீதம் குறைக்கச் சொல்லி மன்றாடுவார். அதைவிட, சீசன் மாதங்களில் கூடுதலாகவும் நவம்பர் மழையில் குறைவாகவும் தவணை அமையும்படி கேட்டு வாங்குவது அவருக்கு உயிர் காக்கும். இரண்டு காலாண்டுத் தவணையைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டுவைப்பதும் அப்படித்தான். கும்பகோணம் மாதிரி, மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டாத ஊரில் மூன்று நட்சத்திர ஓட்டல் கட்டுபவருக்கு மத்திய அரசின் உள்கட்டமைப்புப் பட்டியலில் இடம் உண்டு. நீண்ட தவணை கேட்க அது ஒரு பிடி. 2013-ல் வந்த விதிப்படி பெருநகரத்தில் கட்டுபவருக்கு நிலம் நீங்கலாக 200 கோடிக்கு மேல் செலவானால்தான் அந்தச் சலுகை கிடைத்தது. பெரியவருக்கும் சிற்றூர்க்காரருக்கும் கிடைத்து, பெருநகரத்தின் நடுத்தர ஓட்டல்காரருக்குக் கிடைக்காமல் போன ஏற்பாடு. இதில் நியாயம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

2019 அக்டோபரில் லீலா ஓட்டல்களை வாங்கிய புரூக்ஃபீல்டு ஆறே மாதத்தில் கொரோனாவைச் சந்தித்தது. அவர்கள் பணம் பொறுமையான பணம். காலி அறைகளோடு காத்திருந்தார்கள். பயணம் திரும்பியது, வாடகை ஏறியது. 2025 மே மாதம் அந்த ஓட்டல்களின் இன்றைய நிறுவனமான ஷ்லாஸ் பெங்களூர் 3,500 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதில் நிறுவனத்துக்கே வந்த புதுப் பணம் 2,500 கோடி. அதிலும் 2,300 கோடியைக் கடனை அடைக்க என்று எழுதி ஒதுக்கியிருந்தார்கள். திருப்பித் தர வேண்டிய தேதி என்று ஒன்று பங்குக்குக் கிடையாது.